சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்கு: எங்கிருந்து தொடங்குவது

கைக்குழந்தையையோ இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையையோ வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பப் போகிறவர்களுக்கும், திரும்பிய ஓரிரு வாரத்திலேயே மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சீக்கிரம் எழுந்திருங்கள், முதல் நாளே திட்டமிடுங்கள் என்று. சரிதான், அதுவும் வேண்டும். ஆனால் வீட்டில் நடக்க வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரே ஒருத்தி நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் அம்மாக்களை அதிகம் களைக்க வைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். டயப்பர் தீரப்போகிறது, அடுத்த தடுப்பூசி எப்போது, காலணி சின்னதாகிவிட்டது, காப்பகத்தில் மாற்றுத்துணி கேட்டார்கள், இப்படி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பாரத்தை இறக்காமல் எத்தனை மணிக்கு எழுந்தாலும் பலன் இல்லை. அதனால் முதல் இரண்டு படிகள் முழுக்க அதற்குத்தான். வேலைக்குத் திரும்ப ஒரு மாதமாவது இருக்கும்போதே தொடங்கினால் நல்லது. ஏற்கெனவே திரும்பிவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

முதல் படி: ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும், போனிலேயே எழுதினாலும் சரி. வீட்டுக்காகவும் குழந்தைக்காகவும் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் எழுதி, பக்கத்தில் இரண்டு பெயர் போடுங்கள்: இதைச் செய்தது யார், இதைச் செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருந்தது யார். இரண்டாவது பெயர்தான் முக்கியம். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது கணவராக இருக்கலாம். ஆனால் தேதி நெருங்குகிறது என்று கவனித்து, மருத்துவரிடம் நேரம் வாங்கி, தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தது யார்? ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், செய்பவர்கள் பட்டியலில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள், நினைவில் வைப்பவர் பட்டியலில் உங்கள் பெயர் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை. இதை யாரையும் குற்றம் சாட்டுவதற்காக எழுதச் சொல்லவில்லை. வாயால் சொன்னால் வாக்குவாதமாகப் போய்விடுகிற விஷயம், தாளில் எழுதி முன்னால் வைத்தால் இருவரும் உட்கார்ந்து பார்க்கிற விஷயமாகிவிடுகிறது.

எழுதி முடித்ததும் இன்னொன்று செய்யுங்கள். பட்டியலில் நடக்காவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலைகள் சில இருக்கும். தினமும் வீடு முழுக்கத் துடைப்பது, உள்ளே போடும் துணிகளைக்கூட இஸ்திரி போடுவது, விளையாட்டுச் சாமான்களை வகைபிரித்து அடுக்குவது. அடுத்த ஓராண்டுக்கு இவற்றை அடித்துவிடுங்கள். யாருக்கும் மாற்றிவிட வேண்டாம், அடித்தே விடுங்கள்.

இரண்டாம் படி: வேலையை மட்டும் கொடுக்காதீர்கள், முழுப் பொறுப்பையும் கொடுங்கள்

இந்தப் படியில்தான் நிறைய வீடுகள் தடுமாறுகின்றன. "கொஞ்சம் துணி காயப்போடுங்களேன்" என்று கேட்டால் அந்த வேலை நடந்துவிடும், ஆனால் நாளைக்கும் நீங்கள்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக "இனி குழந்தையோட துணிமணி முழுக்க உங்க பொறுப்பு" என்று ஒரு துறையையே ஒப்படையுங்கள். துவைப்பது, மடிப்பது, எது சின்னதாகிவிட்டது என்று பார்ப்பது, அடுத்த அளவு வாங்குவது, காப்பகப் பையில் மாற்றுத்துணி வைப்பது எல்லாம் அதில் அடக்கம். அதேபோல மருத்துவம் ஒரு துறை, இரவு உணவு ஒரு துறை, காப்பகத்தோடு பேசுவது, கட்டணம் கட்டுவது, அங்கிருந்து வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வது ஒரு துறை. யார் எதை எடுப்பது என்பதை இருவரின் வேலை நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சரிபாதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எடுத்தவர் அதை முழுதாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடுத்த பிறகு உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது, அது கொடுப்பதைவிடக் கஷ்டம்: பின்னாலேயே நின்று திருத்தக் கூடாது. சட்டையும் கால்சட்டையும் பொருத்தமில்லாத நிறத்தில் போட்டுவிட்டாரா, விடுங்கள். குளிப்பாட்டும் முறை வேறாக இருக்கிறதா, குழந்தை அதற்கும் பழகிக்கொள்ளும். ஒருவர் செய்யும் ஒவ்வொன்றையும் இன்னொருவர் மறுபடி செய்தால், செய்தவர் கொஞ்ச நாளில் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார், பொறுப்பு மொத்தமும் திரும்ப உங்களிடமே வந்து சேரும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயங்கள் சில உண்டு, அவை எல்லாம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். படுக்கை உறுதியாக, தட்டையாக இருக்க வேண்டும், தலையணையோ பஞ்சு பொம்மையோ கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் மருந்து எவ்வளவு என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது, குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இது இன்னும் அவசியம். மகளோ மருமகளோ வாயால் சொன்னால் "நாங்க வளர்க்காத பிள்ளையா" என்று மனம் நோகலாம். மருத்துவர் சொன்னது என்று எழுதி ஒட்டியிருப்பதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கலாம். உங்களுக்கு அடித்துவிட வேண்டிய பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், அதில் கூச்சமே வேண்டாம். அப்புறம், அக்காவோ நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று சொல்வார்கள் இல்லையா, அவர்களிடம் குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் காப்பகத்திலிருந்து கூட்டி வர முடியுமா" என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரும். பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது.

மூன்றாம் படி: குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்

பாட்டியா, வீட்டுக்கு வரும் ஆயாவா, காப்பகமா என்பது அவரவர் சூழ்நிலை. எதுவானாலும் ஒரு ஏற்பாடு மட்டும் போதாது. அது தவறினால் யார், அவரும் இல்லாவிட்டால் யார் என்று இன்னும் இரண்டு பெயராவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

காப்பகம் என்றால் நேரில் போய், குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் வரைந்திருக்கும் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை, அழும் குழந்தையிடம் யாராவது உடனே போகிறார்களா என்று பாருங்கள். ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு பரிந்துரைப்பது, ஒரு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் 3 பேருக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் என்றால் 4 பேருக்கு ஒருவர். எல்லா இடத்திலும் இந்த அளவு கிடைக்காது, ஆனால் பத்துக் கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்றால் தயங்காமல் வேறு இடம் பாருங்கள். பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, கைக்குழந்தைகளை எப்படித் தூங்க வைக்கிறார்கள், என்ன உடம்புக்கு வந்தால் அனுப்ப வேண்டாம் என்பார்கள், யார் வந்து கேட்டால் குழந்தையை ஒப்படைப்பார்கள், இந்த நான்கையும் கேட்காமல் வர வேண்டாம்.

திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழக்கத் தொடங்குங்கள். முதலில் நீங்களும் கூட இருந்து ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் இல்லாமல் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். எட்டு மாதம் வாக்கில் குழந்தைகளுக்குப் பிரிவு பயம் வந்துவிடும், ஒரு வயதைத் தாண்டிக் கொஞ்ச காலம் வரை அது தீவிரமாகவே இருக்கும். அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்று புரியத் தொடங்கும் வயது அது. எப்போது வருவாள் என்பது மட்டும் புரியாது. அதனால் அழுகை வருவது வளர்ச்சியின் ஒரு பகுதிதான். அழுகிறதே என்று குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவி வருவது அந்த நிமிடத்துக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் அம்மா எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று குழந்தை கற்றுக்கொண்டால் அடுத்த நாள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஒரு முத்தம், ஒரே மாதிரியான ஒரு வாக்கியம், "தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்", அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடை. வாசலில் நின்று மறுபடி மறுபடி போய் அணைத்தால் இருவருக்குமே கஷ்டம் நீளும்.

நான்காம் படி: தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேலைக்குப் போனால் நிறுத்திவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிலிருந்து, காலையில் குழந்தை குடித்த பிறகு ஒருமுறை பம்ப் செய்து சேமியுங்கள். முதல் சில நாள் கொஞ்சமாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

சேமிக்கும் கணக்கு இது. புதிதாக எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வரை, ஃபிரிட்ஜில் 4 நாள் வரை, ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஐஸ் பேக் வைத்த குளிர் பையில் 24 மணி நேரம் தாங்கும், அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர அது போதும். அறை சூடாக இருந்தால் நான்கு மணி நேரத்தை நம்பாமல் எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுங்கள். 60 முதல் 120 மில்லி வரை சின்னச் சின்னப் பைகளாகத் தேதி போட்டு வையுங்கள், வீணாவது குறையும். உறைந்த பாலை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றலாம், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு இடத்தில் கொதித்தும் ஒரு இடத்தில் ஆறியும் இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து உருக்கிய பாலை, முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீதம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

முதல்முறை பாட்டிலிலோ கிண்ணத்திலோ கொடுப்பது வேறு ஒருவராக இருக்கட்டும், நீங்கள் அந்த அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. அலுவலகத்தில் குழந்தை குடிக்கும் இடைவெளியை ஒட்டி, சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் பால் கட்டிக்கொள்ளாது, சுரப்பும் குறையாது. மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பால் போதவில்லை, பம்ப் செய்ய இடமே இல்லை, அல்லது முடியவில்லை என்று பவுடர் பாலுக்கு மாறுகிறீர்களா, மாறுங்கள். குழந்தை நல மருத்துவரிடம் கேட்டு, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி சுத்தமாகக் கலந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளரும்.

ஐந்தாம் படி: அலுவலகத்தில் பேசுவது

முதல் நாள் போய்ப் பேசலாம் என்று விடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே மேலாளரிடம் பேசி, பேசியதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். "கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் இத்தனை மணிக்குக் கிளம்பியாக வேண்டும், அதற்குப் பிறகு மீட்டிங் வைக்க வேண்டாம், பால் எடுக்கப் பூட்டக்கூடிய ஓர் அறை வேண்டும் (கழிப்பறை அதற்கான இடம் இல்லை), அவசரம் என்றால் இந்த நேரத்தில் போனில் கிடைப்பேன், இப்படித் தெளிவாகக் கேளுங்கள். ஏதாவது புதிய ஏற்பாட்டுக்குத் தயங்கினால், இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லுங்கள், அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வது அவர்களுக்கும் எளிது. மன்னிப்புக் கேட்கும் குரலில் மட்டும் பேச வேண்டாம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-இல் நிறைவேற்றிய 183-ஆவது உடன்படிக்கை குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பையும், தாய்ப்பால் கொடுக்கச் சம்பளத்தோடு இடைவேளையையும் உரிமையாகச் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, சில நாடுகளின் சட்டம் இதைவிட அதிகமாகவே தருகிறது. உங்கள் நாட்டில் என்ன சட்டம், உங்கள் நிறுவனத்தில் என்ன விதி என்று மனிதவளப் பிரிவில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் வாரத்தின் நடுவில் திரும்புங்கள். இரண்டு மூன்று நாளில் வார விடுமுறை வந்துவிடும், என்ன சரியாக நடந்தது, எது சொதப்பியது என்று பார்த்துத் திருத்த அவகாசம் கிடைக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே முழுநேர வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வது நியாயமே இல்லை.

ஆறாம் படி: காலையும் மாலையும்

காலைக்கான எல்லாவற்றையும் இரவே எடுத்து வாசலருகே வைத்துவிடுங்கள். குழந்தை எழுவதற்கு முன் நீங்கள் குளித்து உடை மாற்றி முடித்திருந்தால் காலைப் பொழுதின் பாதிப் பதற்றம் போய்விடும். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மாலையைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தது என்று காப்பகத்தில் சொல்வார்கள், உங்களைப் பார்த்ததும் கத்தி அழுது கீழே புரளும். உங்கள் மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். புது இடத்தில், புது ஆட்களிடம் நாள் பூராவும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம், இவளிடம் கொட்டலாம் என்று நம்பிக்கை உள்ள ஆளிடம் கொட்டுகிறது. அதனால் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போகாமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் தரையில் உட்காருங்கள். எதையும் கற்றுத்தர வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். மடியில் ஏறினால் ஏறட்டும். அதற்குப் பிறகு அது தானாகவே விளையாடப் போய்விடும், நீங்களும் வேலையைப் பார்க்கலாம். சாயங்காலம் முழுக்க முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிணுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தூங்கும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து 4 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழுப்பியாக வேண்டிய மூன்று வயதுக் குழந்தை பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால், இரவு எட்டரைக்குத் தூங்கினால் மொத்தம் பதினொரு மணி நேரம் கிடைக்கும், ஒன்பதரையைத் தாண்டினால் பத்து மணி நேரம்கூடத் தேறாது என்று கணக்கு சொல்லும். அம்மா தாமதமாக வருகிறாள், கொஞ்ச நேரமாவது பார்க்கட்டும் என்று பத்து மணி வரை விழிக்க வைத்தால் மறுநாள் காலை அழுகையோடுதான் தொடங்கும்.

ஏழாம் படி: உடம்பு சரியில்லாத நாட்கள்

இவை வரும், அதுவும் அடிக்கடி வரும். சின்னக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், காப்பகம் போகும் முதல் ஆண்டில் இன்னும் அதிகமாகவே பிடிக்கும். எனவே அதை எதிர்பாராத விபத்தாகப் பார்க்காமல், முதல் நாள் யார் லீவு, இரண்டாம் நாள் யார் லீவு என்று இருவரும் முன்பே முறை வைத்துக்கொள்ளுங்கள். காப்பகம் முதலில் அழைக்க வேண்டிய எண் எப்போதும் அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள்.

குழந்தையின் எடை, கொடுக்கும் மருந்து, ஒவ்வாமை, மருத்துவர் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பார்த்துக்கொள்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வயதானாலும் மூச்சு விடச் சிரமப்படுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது, நீர் குடிக்காமல் சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான்.

எட்டாம் படி: உங்களைப் பற்றியும் கொஞ்சம்

இரவில் குழந்தை எழுந்தால் இரண்டு பேரும் எழுவது வீண். ஒரு மணி வரை ஒருவர், அதற்குப் பிறகு இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்கலாம். தூக்கத்தைக் காப்பாற்றினால் பொறுமை தானாக வரும்.

பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதையும் தாண்டி மனம் இருண்டு கிடந்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருந்தாலோ, எதிலும் ஒட்டாமல் போனாலோ அது சிகிச்சை தேவைப்படும் நோய். முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வேலைக்குத் திரும்பும் சமயத்திலும் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் குணமாகும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே, அந்த நேரமே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் குற்ற உணர்ச்சி. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளே என்று யாராவது சொல்வார்கள், யாரும் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அரசு ஆய்வு உண்டு. அம்மா மட்டுமே பார்த்துக்கொண்ட குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து பார்த்துக்கொண்ட குழந்தைகளும் பொதுவாக ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள், பெற்றோர் குழந்தையோடு எப்படிப் பழகுகிறார்கள், வீட்டுச் சூழல் எப்படி என்பதுதான் அதைவிட அதிகம் பொருட்படுத்தியது என்று அதில் தெரிந்தது. பராமரிப்பின் தரத்துக்கும் ஓரளவு பங்கு இருந்தது. மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்த குழந்தைகளிடம் முரண்டு பிடிப்பது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே நல்ல காப்பகத்தைத் தேடுவதிலும், மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடியுமா என்று கேட்பதிலும் அக்கறை காட்டுங்கள், வேலைக்குப் போவதையே நினைத்து அழ வேண்டாம்.

கடைசியாக, வாரம் ஒருமுறை குழந்தை தூங்கிய பிறகு இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பாருங்கள். யாருக்கு முக்கியமான மீட்டிங், யார் கூட்டி வருவது, எந்தத் துறை யாருக்குச் சுமையாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படியில் போட்ட பட்டியலைப் புதிதாகப் போடுங்கள். குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கும், பகல் தூக்கம் குறைந்திருக்கும், டயப்பர் போய் வேறு வேலை வந்திருக்கும், அந்தப் புது வேலைகளும் யாரும் கேட்காமலே உங்கள் பெயருக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கும். அவற்றையும் பிரித்துக் கொடுங்கள்.